ஒரு வீட்டு வாசலில் மட்டும் பனி

— அப்போ இது என்னடி? மேகம் விலாசம் விசாரிச்சு வந்து உன் வீட்டுல மட்டும் கொட்டிட்டுப் போச்சா?

— ஆமா. இப்ப என்ன அதுக்கு?

— ஊரே சேத்துல கிடக்கு, மிர்வா. ஜனவரி மாசத்துல மழை பெய்யுது. இங்கேருந்து சர்ச் வரைக்கும் தேடினாலும் ஒரு கைப்பிடி வெள்ளை கிடையாது. உன் வீட்டைச் சுத்தி, சௌனா நீராவிக் குளியலறையைச் சுத்தி, விறகுக் கொட்டகையைச் சுத்தி மட்டும் கணுக்கால் உயரத்துக்குப் பனி. நான் கேக்குறேன், என்னைப் பாத்தா கேனையன் மாதிரி இருக்கா?

— கத்தாதே அண்ணே. உள்ள வந்து உக்காரு. ஏலக்காய் பன் சூடா இருக்கு, காப்பி போடறேன்.

— உன் காப்பி எவனுக்கு வேணும்? எனக்கு என் பனி வேணும்.

— உன் பனியா? பேரு எழுதி வெச்சிருக்கியா?

— மரத்தூள் எழுதி வெச்சிருக்கு. ஸ்கீ கிளப் மைதானத்துலேர்ந்து உன் வாசல் வரைக்கும் மரத்தூள் சிந்தி, மழையில ஊறி ரோட்டோட ஒட்டிக் கிடக்கு. அதைப் பாத்துக்கிட்டேதான் வந்து சேந்தேன். திருடுறதைக்கூட உருப்படியா செய்யத் தெரியலை உனக்கு.

— நாக்கை அடக்கிப் பேசு. அந்தக் குவியல் மேல மரத்தூள் அள்ளிப் போட நானும்தான் வந்தேன். ரெண்டு நாள் முதுகு நிமிரலை. அன்னைக்கு மைக்கைப் பிடிச்சு "நம்ம பனி, நம்ம பனி"ன்னே. இப்ப அது எப்படி உன் பனி ஆச்சு?

— வந்தே. பட்டாணி சூப் குடிச்சே. போயிட்டே. அதைக் கட்டிக் காத்தவன் யாரு? போன வருஷப் பனியை மலையா குவிச்சு, கரையாம இருக்க மரத்தூளைப் போத்தி, ஜாம் பாட்டிலைப் பாத்துக்கற மாதிரி கோடை முழுக்கப் பாத்துக்கிட்டேன். ஜூலை மாசத்துல நான் ஒரு ராத்திரி ஒழுங்கா தூங்கினேனா? எங்கயாவது தூள் விலகியிருக்குமோன்னு எழுந்து எழுந்து போய்ப் பாத்தேன். அங்க எவளைப் புதைச்சு வெச்சிருக்கேன்னு என் பொண்டாட்டியே கேட்டுட்டா.

— அவ கேட்டதுல தப்பே இல்லை.

— தலைவரே, வண்டியை அணைக்கட்டுமா, ஓடட்டுமா? டீசல் வீணாப் போகுது.

— ஓடட்டும் ரெய்யோ. உனக்கு இப்ப வேலை வரும். ஆமா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். முன்வாசலை விட்டுட்டு வயக்காட்டுப் பக்கமா சுத்தி உள்ள வந்தியே. முன்னாடி கேட்டுல டிராக்டர் நுழையாதுன்னு உனக்கு யார் சொன்னது?

— அது... பாத்தாலே தெரியுமே தலைவரே.

— ரெய்யோ.

— என்னை இதுல இழுக்காதீங்க தலைவரே. நான்தான் கொண்டாந்து கொட்டினேன். அக்கா கேட்டாங்க, கொட்டினேன். தலைவருக்குத் தெரியுமான்னு கேட்டதுக்குத் தெரியும்னாங்க.

— அப்படிச் சொல்லலை நான். அவன்கிட்ட நான் பேசிக்கறேன்னு சொன்னேன். இப்ப பேசிக்கிட்டுதானே இருக்கேன்.

— நல்லா இருக்குடா உங்க கூத்து. காலையிலேர்ந்து தொண்டை கிழியக் கத்துறேன், எவன் எடுத்தான், எவன் எடுத்தான்னு. பக்கத்து ஊர்க்காரன்தான் லாரி கொண்டாந்து அள்ளிட்டுப் போயிட்டான்னு அவங்க கிளப்புக்குப் போன் பண்ணி அசிங்கமாத் திட்டிட்டேன். நீ பக்கத்துல நின்னு சாண்ட்விச் தின்னுக்கிட்டிருந்தே.

— நீங்க என்னைக் கேக்கலையே தலைவரே.

— உன்னை அப்புறம் வெச்சுக்கறேன். மிர்வா, இங்க பாரு. விளையாட்டா நினைக்காதே. ஸ்கீப் பாதை முழுக்கப் பனி பரப்பியாச்சு. கடைசி வளைவுல வந்து தீந்து போச்சு. பிர்ச் மரங்க பக்கம் வெறும் மண்ணு தெரியுது. நாளைக்கு ஜில்லாவுலேர்ந்து அந்த ஆளு பாதையைப் பாக்க வர்றான். ஒரு எட்டு மண்ணு தெரிஞ்சாலும் ஞாயித்துக்கிழமைப் போட்டியைத் தூக்கி வேற ஊருக்குக் குடுத்துடுவான். வேற ஊர்லயும் பனி இல்லை. அப்படின்னா என்ன அர்த்தம்? இந்த வருஷம் பிள்ளைங்களுக்குப் போட்டியே கிடையாது.

— அதுக்கு நான் என்ன பண்ண? வானத்தைக் கேளு.

— வானத்தையா? நவம்பர்ல கொட்டுச்சு. சனங்க ஸ்கீயை எடுத்து மெழுகு தேய்ச்சாங்க. மறுநாள் மழை. அப்புறம் ஊரே கண்ணாடி மாதிரி உறைஞ்சு போய், பாதிப் பேர் கையைக் காலை ஒடிச்சுக்கிட்டாங்க. கிறிஸ்துமஸ் அன்னைக்குப் பாத்தா புல்லு பச்சையா நிக்குது. போன வாரம் மறுபடி கொஞ்சம் தூவிச்சு, விடியறதுக்குள்ள கரைஞ்சுது. டிவியில அந்தப் பொம்பளை பல்லைக் காட்டிக்கிட்டு "இதமான வாரம்"ங்கறா. இதமாம். அந்த டிவியைத் தூக்கி உடைக்கலாம்னு வருது எனக்கு. இந்த லட்சணத்துலயும் சறுக்குறதுக்கு ஒரு பாதை இருக்கற ஒரே ஊரு நம்ம ஊரு. அதுலயும் என் கூடப் பொறந்தவ கை வெச்சுட்டா.

— கொஞ்சம்தான் எடுத்தேன்.

— எதுக்குடி? அதைச் சொல்லு முதல்ல. நீ சறுக்கி இருபது வருஷம் ஆச்சு. வீட்டுல பிள்ளை குட்டி இல்லை. நாய்கூட இல்லை.

— வெளிச்சத்துக்கு.

— என்னது?

— வெளிச்சத்துக்குன்னேன். மூணு மணிக்கெல்லாம் இருட்டிப் போகுது. பனி இருந்தா வாசலாவது வெளுப்பா தெரியும். இல்லாம ஒரே கறுப்பு. ஆஸ்பத்திரியில வேலை முடிஞ்சு கறுப்புலேர்ந்து கறுப்புக்கு வந்து சேர்றேன். பைத்தியம் பிடிச்சிடும்போல இருந்துச்சு. அதான் கேட்டு வாங்கிக் கொட்டச் சொன்னேன்.

— அக்கா என்கிட்டயும் இதைத்தான் சொன்னாங்க தலைவரே. எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

— வாயை மூடுடா. வெளிச்சம் வேணும்னா பல்பு மாட்ட வேண்டியதுதானே? அது போகட்டும். வெளிச்சத்துக்குப் போட்ட பனியில ரெண்டு கோடு ஓடுதே, அது என்ன?

— எந்தக் கோடு?

— வீட்டைச் சுத்தி, சௌனாவைச் சுத்தி, கொட்டகைப் பக்கம் வளைஞ்சு திரும்ப இங்க வருதே. ஸ்கீத் தடம். எனக்கே தடம் தெரியாதுன்னு நினைச்சியா?

— நான்தான். சும்மா சுத்தி வந்தேன்.

— நீயா? அந்த முட்டியை வெச்சுக்கிட்டா?

— முட்டியைப் பத்தி நீ பேசாதே. நீ மட்டும் பேசவே பேசாதே.

— ஏன்? நானா உடைச்சேன்?

— இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் உடைச்சான். காய்ச்சலோட படுத்திருந்தவளை எழுப்பி, "இன்னும் ஒரு சுத்து, இன்னும் ஒரு சுத்து"ன்னு கையில கடிகாரத்தை வெச்சுக்கிட்டுப் பின்னாடியே வந்து விரட்டினது பக்கத்து வீட்டுக்காரன். விழுந்து கிடந்தப்ப முதல்ல நேரத்தைப் பாத்துட்டு அப்புறம் என்னைப் பாத்ததும் அவன்தான். எனக்குப் பதினாறு வயசு அப்போ.

— பழைய கதையை இப்ப எதுக்கு இழுக்கறே?

— உனக்குத்தான் அது பழைய கதை. நான் இன்னும் அந்தக் காலோடதான் மாடி ஏறுறேன்.

— தலைவரே, அள்ளவா வேண்டாமா? அதை மட்டும் சொல்லிடுங்க. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்.

— அள்ளு.

— அள்ளினா என்னைத் தாண்டித்தான் அள்ளணும், ரெய்யோ. இங்கதான் நிப்பேன்.

— அக்கா, தள்ளி நில்லுங்க. என் வண்டிக்கு பிரேக்கு அவ்வளவு சரியில்லை.

— நகரு, மிர்வா.

— மாட்டேன். வேற எங்கயாவது தேடிப் பாரு. இல்லேன்னா அந்தக் கடைசி வளைவை அடைச்சுட்டுப் பாதையைச் சின்னதா போடு.

— சின்னதா போட்டா அது போட்டியே இல்லை. சட்டத்துல இடமில்லை.

— உன் சட்டமும் நீயும்.

— ஆமா, நானும் என் சட்டமும்தான். அதனாலதான் இந்தக் கிளப் நிக்குது. யாராச்சும் பயிற்சிக்கு மட்டம் போட்டா போட்டி லிஸ்ட்லேர்ந்து பேரை அடிப்பேன். பரப்பி வெச்ச பாதையில முன்கூட்டியே எவனாவது கால் வெச்சா பேரை அடிப்பேன். நான் போய் ஐஸ் எவ்வளவு தடிமன்னு அளந்து பாத்து, ஏரியில கிளை நட்டு வழி குறிக்கறதுக்கு முன்னாடி எவன் ஐஸ் மேல இறங்கினாலும் அந்த வருஷம் அவனுக்குப் போட்டி கிடையாது. போன வருஷம் நம்ம டாக்டர் மகன் பேரை அடிச்சேனே, அவங்கப்பன் எங்கிட்ட வந்து அழுதான். அசைஞ்சேனா?

— உன் வீட்டுப் பிள்ளையா இருந்தா?

— என் வீட்டுப் பிள்ளைன்னா முதல்ல அடிப்பேன். நாளைக்கு ஊரு என்னைப் பாத்துச் சிரிக்கக் கூடாதில்ல. ஏன் கேக்குறே?

— சும்மாத்தான் கேட்டேன்.

— இங்க பாரு. என்கூடச் சண்டை போடணும்னா திங்கக்கிழமை வா, நாள் முழுக்கப் போடலாம். இந்தப் பனி எனக்காகக் கேக்கலை. சென்யாவுக்காகக் கேக்குறேன். என் பொண்ணுக்காக. ரெண்டு வருஷமா இந்த ஞாயித்துக்கிழமையைத்தான் பேசிக்கிட்டிருக்கா. போன வருஷம் மழையில போட்டியே நடக்கலை. இந்த வருஷமும் நடக்கலேன்னா வயசு தாண்டிடும், பெரிய பிள்ளைங்களோட ஓட வேண்டி வரும். அதுக்கப்புறம் அவ ஸ்கீயைத் தொடவே மாட்டா, எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

— இந்தப் பனி இல்லேன்னா நிஜமாவே போட்டி இல்லையா?

— இல்லை. நான் என்னைக்காவது பொய் சொல்லியிருக்கேனா?

— அவளுக்காகத்தானே?

— பின்ன யாருக்காக? உனக்கென்ன திடீர்னு முகமே மாறிப் போச்சு?

— ஒண்ணுமில்லை. அள்ளு ரெய்யோ. நான் தள்ளிக்கறேன். ஆனா இந்த முன்பக்கத்தைக் கடைசியா அள்ளு. பின்னாடி சௌனாப் பக்கத்துலேர்ந்து ஆரம்பி.

— சரிக்கா. மண்ணைச் சேத்து வாராம மேலாப்புல வாரறேன்.

— இதை முதல்லயே செஞ்சிருந்தா இந்தக் கத்தல் தேவையே இல்லை. பொம்பளைப் பிடிவாதம்.

— அண்ணே, போதும். உனக்கு வேணுங்கறது கிடைச்சிடுச்சு. சீக்கிரம் ஏத்திக்கிட்டுக் கிளம்பு.

— ஏன் விரட்டறே? யாராவது வர்றாங்களா? என்னவோ ரோட்டையே பாக்குறே.

— எங்கயும் பாக்கலை. ஸ்கூல் பஸ் வந்துடுச்சா?

— அது வந்து எவ்வளவு நேரமாச்சு. வர்ற வழியில அதைத் தாண்டிக்கிட்டுதான் வந்தோம். உனக்கு எதுக்கு ஸ்கூல் பஸ்ஸு? இரு இரு. இந்தத் தடத்தைக் கொஞ்சம் பாக்க விடு. ரெய்யோ இதை வாரிப்புடறதுக்கு முன்னாடி.

— அதுல என்ன இருக்கு பாக்க?

— நீ போட்ட தடம் இல்லை இது. சத்தியமா இல்லை. ஒவ்வொரு தள்ளலும் எவ்வளவு நீளம் பாரு. கோல் குத்தின இடத்தைப் பாரு, ரெண்டு பக்கமும் ஒரே ஆழம். வளைவுல கொஞ்சம்கூடத் தடுமாறலை. அட, இது யாரோ நல்லா ஓடறவங்க தடம். நான் கேக்குறேன், யாரை இங்க ஓட விடறே?

— யாரையும் இல்லை.

— சொல்லு மிர்வா. கோவமெல்லாம் போச்சு எனக்கு, நிஜமாத்தான் சொல்றேன். யாராயிருந்தாலும் கிளப்புல சேத்துக்கறேன். இப்படி ஒருத்தி நம்ம ஊர்ல இருக்கறது எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு? என் பொண்ணு இதுல பாதி ஓடினாக்கூட நான் நிம்மதியாத் தூங்குவேன். சாயங்காலம் சாயங்காலம் ரோட்டுல சக்கர ஸ்கீ ஓட்டி என்ன பிரயோஜனம், கை வலுவே ஏறலை அவளுக்கு.

— ரோட்டுலயா?

— ஆமா. தினமும் ஸ்கூல் விட்டு வந்து ரோட்டுலதான் பயிற்சி. வீட்டுக்கு வரும்போது வேர்த்து ஊத்திக்கிட்டு வருவா. பாக்கவே பாவமா இருக்கும்.

— கிறிஸ்துமஸ்லேர்ந்து ரோடு முழுக்க வழுக்காம இருக்க ஜல்லி கொட்டி வெச்சிருக்கான், அண்ணே. அந்த ஜல்லி மேல சக்கரம் உருளுமா? கிளப் தலைவரு நீ. ஒரு நாளாவது யோசிச்சியா?

— ஏன், ஓரமா ஓட்டுவா.

— ஓரத்துலதான் அதிகம் கிடக்கு. வா, வந்து பாரு உன் பொண்ணு தடத்தை. நல்லா குனிஞ்சு பாரு. இவ்வளவு நேரம் வாயைப் பிளந்து பாத்தியே, அது சென்யாவோட தடம். உன் வீட்டு மேசையில தினமும் உக்காந்து சாப்பிடறவ. கடிகாரத்தைப் பாத்தே பழகிட்டே, அவ எப்படி ஓடறான்னு நீ பாத்ததே இல்லை.

— சென்யாவா? இங்கயா?

— இங்கதான். ஒரு வாரமா.

— அவ இங்க ஏன் வரணும்? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா...

— சொன்னா என்ன பண்ணியிருப்பே? பாதையில கால் வெச்சா பேரை அடிப்பேன்னு சொல்லி வெச்சிருக்கே. ரோட்டுல முடியலை. அவ எங்க போவா? போன வாரம் அடுப்படி ஜன்னல்ல நின்னு பாத்திரம் கழுவிக்கிட்டிருக்கேன், ஏரி நடுவுல ஒரு உருவம் போகுது. கரையெல்லாம் கறுத்துப் போச்சு, ஏரி மேல மட்டும் கொஞ்சம் வெள்ளை பாக்கி இருந்துச்சு. அதைத் தேடிக்கிட்டுப் போயிருக்கா.

— என்ன சொல்றே நீ? அந்த ஐஸு மேலயா? மேல வெள்ளையா இருக்கும், அடியில வெறும் கஞ்சி அது. மழை பெஞ்சு பெஞ்சு...

— எனக்குத் தெரியாதா? கரையில நின்னு தொண்டை வத்தற வரைக்கும் கூப்பிட்டேன். திரும்பி வந்தா. இழுத்துட்டு வந்து ரெண்டு அறை வெச்சேன். அப்புறம் அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நானும் அழுதேன்.

— அன்னைக்கே எனக்கு ஏன்டி போன் பண்ணலை? அவ என் பொண்ணு. என் பொண்ணுடி அவ.

— பண்ணியிருந்தா பேரை அடிச்சிருப்பே. இப்பதானே மார்தட்டிச் சொன்னே. அத்தை, அப்பாகிட்ட மட்டும் சொல்லாதேன்னு என் காலைப் பிடிச்சா. நான் ஒரு வழி கண்டுபிடிச்சேன். என் வாசல்ல பனி போட்டுத் தர்றேன், அது கிடக்கற வரைக்கும் ஏரிப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கக் கூடாதுன்னேன். சரின்னு கையடிச்சுக் குடுத்தா. இன்னைக்கு வரைக்கும் மீறலை. இப்ப சொல்லு, பேரை அடிச்சிருப்பியா மாட்டியா?

— அடிச்சிருப்பேன்.

— தெரியும். அதான் வாயை மூடிக்கிட்டு உன்கிட்ட திருட்டுப் பட்டம் வாங்கினேன்.

— ரெய்யோ, நிறுத்து. டேய், நிறுத்துன்னு சொல்றேன்ல. காது கேக்கலையா?

— கேக்குது தலைவரே, கத்தாதீங்க. முடிஞ்சுது. இந்த முன்பக்கம் ஒரு வாரு வாரினா கிளம்ப வேண்டியதுதான்.

— கிளம்ப வேண்டாம். அள்ளினதையெல்லாம் திருப்பிக் கொட்டு.

— மறுபடியுமா? ஒரு முடிவுக்கு வாங்க தலைவரே. அந்த வளைவு?

— வளைவு நாசமாப் போகட்டும். ஜில்லாக்காரனை நான் பாத்துக்கறேன், போட்டி நடக்குது நடக்கலை, எனக்கென்ன. சௌனாப் பக்கம் முதல்ல கொட்டு. மிர்வா, மண்வெட்டி எங்க இருக்கு? பரப்பிவிடணும். அவ வர்ற நேரம்.

— யாரு, நம்ம சென்யா பாப்பாவா? அது வந்துட்டுப் போயிடுச்சே தலைவரே. நீங்க ரெண்டு பேரும் தடத்தைப் பாத்துக் கத்திக்கிட்டிருந்தீங்க, அது ஸ்கீயைத் தோள்ல வெச்சுக்கிட்டுத் தபால் பெட்டிகிட்ட நின்னுச்சு. நான் வாரறதைக் கொஞ்ச நேரம் பாத்துச்சு. அப்புறம் ஏரிப் பக்கம் இறங்கிப் போயிடுச்சு.